செமோரில் தைத்த பை

அர்ச்சுனனுடைய பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈப்போவுக்குப் பக்கத்துக் கிளேடாங் மலையில் வைத்து அறுந்தது. தார்ச்சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்கி, ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். வலது தோள்வார் படக்கென்று கையை விரித்துவிட்டது. பை உருண்டு, தண்ணீர்ப் போத்தலும் துண்டும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறின. முன் ஜிப்பில் வைத்திருந்த கைத்தொலைபேசி எந்தப் புதரில் போய் விழுந்ததோ தெரியவில்லை. முக்கால் மணி நேரம் தேடிவிட்டு, காலில் நாலைந்து அட்டைகளோடு வெறுங்கையாக மேலே ஏறி வந்தார்.

அந்தப் பை பசார் மாலாம் இரவுச் சந்தையில் நாற்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கியது. ஒன்றரை வருடத்தில் அது மூன்றாவது பை.

புதன்கிழமைதான் புதுத் தொலைபேசி வாங்க முடிந்தது. பழைய எண்ணைப் போட்டுக் கொடுத்த கடைக்காரர், "மூணு நாள் மெசேஜ் எல்லாம் ஒண்ணா வந்து விழும் அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றார். அர்ச்சுனன் கடை வாசலில் நின்றபடி பொறுத்துப் பார்த்தார். தொழிற்சாலைக் குழுவில் இரண்டு வாழ்த்துப் படங்கள். வங்கியிலிருந்து ஒரு விளம்பரம். பேத்தி தர்பூசணி தின்னும் காணொளி ஒன்று, மனைவி அனுப்பியது. அவ்வளவுதான். மூன்று நாளாக அவர் எங்கே போனார், இருக்கிறாரா செத்தாரா என்று கேட்டு ஒரு வரி இல்லை.

யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. மனைவி புஷ்பலதா ஜொகூர் பாருவுக்குப் போய் இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. மகள் தினேஸ்வரிக்கும் மருமகனுக்கும் சிங்கப்பூரில் வேலை. இருட்டோடு கிளம்பிப் பாலத்தைக் கடந்து போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பெட்டியோடு போனவள் புஷ்பலதா. மூன்று ஆறாகி, ஆறு ஒன்பதாகி, பிறகு யாரும் மாதக் கணக்கே பேசுவதில்லை என்று ஆகிவிட்டது. முதலில் தினமும் இரண்டு தடவை பேசுவாள். பிறகு மாலையில் ஒரு தடவை. இப்போது குழந்தை தூங்கினால் பேசுவாள், தூங்காவிட்டால் காணொளி அனுப்புவாள்.

அர்ச்சுனனுக்கு ஐம்பத்தேழு வயது. சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் அரைக்கும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். காதை அடைத்துக்கொண்டு செய்யும் வேலை. எட்டு மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வீட்டுக்கு வந்தாலும் அதே கதிதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் மலை ஏற ஆரம்பித்தார். மலையில் எதிரே வருகிறவர்கள் "செலாமாட் பாகி" என்று காலை வணக்கம் சொல்வார்கள். திரும்பச் சொல்லலாம்.

அடுத்த இரண்டு வாரம் கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினார். அதைப் பார்த்துச் சிரித்தவர் ஓய்வு பெற்ற சீன ஆசிரியர் ஒருவர். அவர் முதுகில் கரும்பச்சையில் ஒரு பை இருந்தது. ஓரமெல்லாம் வெளுத்திருந்தாலும் ஒரு நூல் பிரிந்திருக்கவில்லை. ஏழு வருடமாகத் தூக்குவதாகச் சொன்னார்.

"வெளிநாட்டுச் சாமானா?" என்று அர்ச்சுனன் மலாயில் கேட்டார்.

"செமோர்" என்றார் ஆசிரியர், ஏதோ பக்கத்துத் தெருவைச் சொல்வது போல. "அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் பெண் தைக்கிறாள். விலை கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாய். ஆனால் போ."

அந்தச் சனிக்கிழமையே அர்ச்சுனன் போனார். செமோர் பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி, புதிதாகக் கட்டிய கடை வரிசையில் கடைசிக் கடை. அந்த இடமெல்லாம் முன்பு ரப்பர்த் தோட்டம். அவர் பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்தில்தான். தொழிலாளர்கள் விடியலில் வரிசையாக நின்று பேர் கொடுத்த பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருந்தது. அவருக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. வண்டியை எங்கே நிறுத்துவது என்றுதான் தேடினார்.

கடைக்குள் நாலு தையல் மிஷின்கள். இரண்டு பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டும் மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். பெயர் ஷஹீரா.

"வாங்கண்ணே. எந்த மலைக்குப் போறீங்க?"

என்ன வேண்டும் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருந்தது.

"கிளேடாங். வாரா வாரம்."

"எவ்ளோ பாரம் தூக்குவீங்க?"

"பாரம்லாம் இல்லம்மா. தண்ணி, சாப்பாடு, மாத்திக்க ஒரு சட்ட."

"யார்கூட போவீங்க?"

"தனியாத்தான்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "அப்போ நெஞ்சுப் பட்டையில விசில் வச்ச பக்கிள் போட்டுத் தாரேன். விழுந்து கிழுந்து வச்சா ஊதலாம்லா."

ஊதினால் யார் கேட்பார்கள் என்று அர்ச்சுனன் நினைத்துக்கொண்டார். ஷஹீராவின் கணவன் அஸ்ஃபாக் வந்து நாடாவை வைத்து அவருடைய கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரை அளந்தான். அந்த அளவுக்குத்தான் வார் பொருத்துவார்களாம். சட்டை தைக்கக்கூட யாரும் அவரை இப்படி அளந்து பல வருடம் ஆகிவிட்டது.

"எவ்ளோம்மா?"

"முந்நூத்தித் தொண்ணூறு வெள்ளி."

அர்ச்சுனனுக்குச் சிரிப்புதான் வந்தது. "ஏம்மா, பசார் மாலாம்ல எட்டுப் பை வாங்கலாமே."

"வாங்கலாம்ணே. எட்டுத் தடவ அறுந்து போவும்." அவள் கோபப்படவில்லை. பல பேரிடம் சொல்லிப் பழகியவள் போல ஒரு பையை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினாள். எங்கும் பிசிறு தெரியவில்லை. ஒவ்வொரு தையலுக்கு மேலும் ஒரு நாடா ஓடியிருந்தது. "ஈப்போவுல ஒரு ஃபேக்டரியில பதினோரு வருசம் தச்சேன். வெளிநாட்டுப் பேரு போட்ட பை. ஒருநாள் கதவ மூடிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டாங்க. இப்ப அதே பையி, அதே தையல், மால்ல எண்ணூறு தொள்ளாயிரத்துக்குத் தொங்குது. அங்க போயி யாரும் ஏன் இவ்ளோ வெலன்னு கேக்குறதில்ல. செமோர்ல தச்சதுன்னு சொன்னா மட்டும் கேக்குறாங்க."

தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலை தூக்காமலே சிரித்தாள்.

"ஒரு பைக்கு ஒன்றர நாள் ஆவும். இந்த ரெண்டு அக்காவுக்கும் ஒழுங்கா சம்பளம், ஈபிஎஃப் சேமநிதி எல்லாம் கட்டுறேன். அதான் வெல. ஆனா ஒண்ணு. இது எப்பக் கெட்டாலும் கொண்டு வாங்க. நான் உசுரோட இருக்குற வரைக்கும் சும்மாவே தச்சுத் தாரேன்."

அர்ச்சுனன் பணத்தைக் கட்டினார். பையின் தரத்தைப் பார்த்துக் கட்டினாரா, அந்தக் கடைசி வாக்கியத்துக்காகக் கட்டினாரா என்று அவருக்கே அப்போது தெரியவில்லை.

அன்று மாலை புஷ்பலதாவிடம் சொன்னபோது அவள் கத்தினாள். "முந்நூத்தித் தொண்ணூறா? ஒரு பைக்கா? உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" குழந்தை பாலுக்கு அழும்வரை விடாமல் திட்டினாள். இருபத்தாறு நிமிடம். அந்த வருடத்தில் அவர்கள் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். தொலைபேசியை வைத்துவிட்டு அர்ச்சுனன் வெகுநேரம் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார்.

பை உண்மையாகவே நல்ல பை. முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேட்டில் ஏறும்போது பின்னால் இழுக்கவில்லை. மழையில் உள்ளே ஈரம் இறங்கவில்லை. மூன்றாம் மாதம் காரின் கதவில் சிக்கி இடுப்புப் பக்கிள் உடைந்தது. செமோருக்குக் கொண்டுபோனார். சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போவைத் தாண்டி நாற்பது நிமிட ஓட்டம்.

"எப்படிண்ணே இருந்துச்சு? எங்கெல்லாம் போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஷஹீரா பக்கிளை மாற்றினாள். பத்து நிமிட வேலை. அஸ்ஃபாக் எதிர்க்கடையிலிருந்து நுரை பொங்கும் தே தாரிக் தேநீர் கட்டி வாங்கி வந்தான். அர்ச்சுனன் அட்டையைப் பற்றிச் சொன்னார். மேலே தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பார்த்த இருவாச்சிப் பறவையைப் பற்றிச் சொன்னார். அவ்வளவு பெரிய அலகை வைத்துக்கொண்டு அது எப்படித் தூங்கும் என்று தையல்காரப் பெண்களில் ஒருத்தி கேட்டாள். தெரியாது, பார்த்து வந்து சொல்கிறேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட மறந்துவிட்டார்.

அடுத்த மாதம் ஜிப்பின் இழுப்பான் கழன்றது. அதற்கும் போனார்.

அதற்குப் பிறகு பை கெடவில்லை. இரண்டு மாதம் பார்த்தார், மூன்று மாதம் பார்த்தார். பாறையில் உரசினார். பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துத் தூக்கினார். அந்தப் பை கெட்டுப்போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. சும்மா போய் நிற்கலாமா என்று ஒரு சனிக்கிழமை கிளம்பி, செமோர் வரை போய், கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று சொல்லி உள்ளே போவது? மணமான பெண், வேற்று மதம், வேலை நடக்கிற இடம். காரணம் இல்லாமல் ஓர் ஆம்பிளை போய் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து குளித்து, பையைச் சமையலறை மேசையில் வைத்து, சவர பிளேடை எடுத்தார். பக்கவாட்டுத் தையலில் நாலு விரல் நீளத்துக்குக் கீறினார். நல்ல துணி, எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. வெட்டி முடித்தபோது நெற்றி வேர்த்திருந்தது. குழந்தையைக் கிள்ளிவிட்டவர் போல அந்த இடத்தை விரலால் நீவினார்.

"தையல் விட்டுருச்சும்மா" என்று மறுநாள் சொன்னபோது ஷஹீராவின் முகம் மாறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மன்னிச்சிருங்கண்ணே. இப்படி ஆவக் கூடாதே." அன்றும் தே தாரிக் வந்தது. அன்றும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்.

ஆறு வாரம் கழித்து அடிப்பக்கத்தில் வெட்டினார். இன்னொரு ஆறு வாரம் கழித்து தோள்வார் சேரும் இடத்தில்.

அந்த மூன்றாவது தடவை ஷஹீரா பையை வாங்கி, பிரிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டு வந்துருங்க" என்று தையல்காரப் பெண்களை அனுப்பினாள். அஸ்ஃபாக் பொருள் கொடுக்கப் போயிருந்தான். மிஷின் சத்தம் நின்ற கடையில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஷஹீரா வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அண்ணே, தையல் தானா விட்டா நூலு பஞ்சு மாதிரி பிரிஞ்சு நிக்கும். துணி கிழிஞ்சா ஓரம் இழுபட்டுப் போவும். இது ரெண்டும் இல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "இது பிளேடு."

அர்ச்சுனன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதத் தடவ எனக்குச் சந்தேகமே வரல. நூல்லதான் கோளாறுன்னு நெனச்சேன். உங்க பைக்குப் போட்ட அதே நூல்ல இருவது பை தச்சு வச்சிருந்தோம், பினாங்கு கடைக்கு அனுப்ப. அத்தனையும் பிரிச்சு வேற நூல்ல திரும்பத் தச்சோம். அக்காங்க ரெண்டு பேரும் ஒரு மாசம் லேட்டா வீட்டுக்குப் போனாங்க. பினாங்குக்காரரு நாள் தப்பிப் போச்சுன்னு பாதியத் திருப்பிட்டாரு." அவள் நிறுத்தினாள். "ரெண்டாவது தடவ கொண்டாந்தப்ப எனக்குத் தூக்கம் இல்லண்ணே. ஊரு பூரா நம்ம சாமான் நல்ல சாமான், காசு கூடக் குடுத்தா தப்பில்லன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு பைய ஒழுங்காத் தைக்கத் தெரியலையேன்னு."

அர்ச்சுனன் பையை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தார். ஹைவேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு கோப்பெங் வரை போய்த் திரும்பி வந்தார்.

பிறகு வந்த நாட்களை எப்படி ஓட்டினார் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வேலைக்குப் போனார், வந்தார். மலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முன்னால் காரைக் கழுவினார். அழுக்கில்லாத காரை மறுபடியும் கழுவினார். கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய பைகள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. இருபது பை. ஒவ்வொன்றையும் இரண்டு பெண்கள் குனிந்து பிரித்திருக்கிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு, நூல் நூலாக. தன் தனிமை தன் வீட்டுக்குள் மட்டும் கிடக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார். அது வெளியே போய் யாரோ ஒருத்தியின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

மூன்றாம் வாரம் ஷஹீராவிடமிருந்து ஒரு படம் வந்தது. தைத்து முடித்த பை. கீழே, "பை ரெடி அண்ணே. வந்து எடுத்துக்குங்க." அவர் பதில் போடவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே படம், அதே வரி. யாரோ ஒருவர் தன்னை இரண்டாவது தடவை கூப்பிடுகிறார் என்பதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை போனார்.

ஷஹீரா பையை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். வெட்டுப்பட்ட மூன்று இடத்திலும் உள்ளே துண்டு வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தாள். அர்ச்சுனன் ஓர் உறையை நீட்டினார்.

"இது அந்த இருவது பைக்கும்மா. பத்தாதுன்னு தெரியும்."

அவள் உறையைத் தொடவில்லை. "அத காசுல தீக்க முடியாதுண்ணே. எடுத்து வைங்க."

"அப்ப இந்தப் பையத் தச்ச கூலியாவது வாங்கிக்க. நீ குடுத்த வாக்கு பை கெட்டுப் போனாத்தானே. பை கெடல. நாந்தான் கெடுத்தேன்."

ஷஹீரா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "நாப்பது வெள்ளி" என்றாள். வாங்கிக் கல்லாவில் போட்டாள். அந்த நாற்பது வெள்ளியை அவள் வாங்கிக்கொண்டதில் அர்ச்சுனனுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. உறையிலிருந்த மீதிப் பணத்தைப் பைக்குள் வைத்தார்.

"ஏண்ணே அப்படிப் பண்ணீங்க?"

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருவரும் மிஷினை நிறுத்தவில்லை; ஆனால் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்களும் கேட்க வேண்டியதுதான் என்று அர்ச்சுனனுக்குத் தோன்றியது.

"இங்க வந்தா எங்க போனீங்க, எப்படி இருந்துச்சுன்னு கேக்குறீங்க" என்றார். "வேற யாரும் கேக்குறதில்லம்மா. பை கெடாம எப்படி வாரதுன்னு தெரியல."

ஒரு மிஷின் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

ஷஹீரா நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்குக் கோவம் இன்னும் முழுசாப் போவல. பொய் சொல்லி என்ன" என்றாள் கடைசியில். "வாரதுன்னா வாங்க, காரணம்லாம் வேணாம். ஆனா வேல நேரத்துல ஒரு மணி நேரம் உக்காந்தா எங்களுக்கு ஒரு பையி தள்ளிப் போவும். ஒரு தண்ணி குடிச்சுட்டுப் போங்க, சரியா?" பிறகு தயங்கி, "ஆமா, எங்ககிட்ட சொன்னத அக்காகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதாண்ணே."

அர்ச்சுனன் சொன்னதில்லை. ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பிட்டீங்களா என்றால் சாப்பிட்டேன். உடம்பு எப்படி என்றால் நல்லாருக்கு. பிள்ளை எப்படி இருக்கு, வெயில் எப்படி. அவள் போனதிலிருந்து இவ்வளவு காலமும் பேசியது அதுதான்.

கார் கழுவும் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வண்டிக்குள் உட்கார்ந்து புஷ்பலதாவை அழைத்தார். பின்னால் குழந்தையின் சத்தமும் குக்கர் சத்தமும் கேட்டன.

"என்னங்க இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாருக்கு. புஷ்பா, எனக்குத் தனியா இருக்க முடியல."

குக்கர் ஒரு விசில் விட்டது. "பிள்ள அழுவுது. அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை அவள் அழைக்கவில்லை. காணொளியும் வரவில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று அர்ச்சுனன் தன்னையே நொந்துகொண்டார். மறுநாள் மலைக்குப் போனார், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பிறகு. கால் தளர்ந்திருந்தது, பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. வளைவில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது.

"நேத்து நீங்க சொன்னதும் எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள் புஷ்பலதா. "குளியலறைக்குள்ள போயித் தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன். இங்க எனக்கு மட்டும் யார் இருக்கா? பதினாலாவது மாடி. கதவத் தொறந்தா எதிர்க் கதவு. அந்த வீட்டுக்காரி பேரு இன்னும் எனக்குத் தெரியாது. புள்ளைங்க வேலைய விட்டு வந்தா பேச எங்க நேரம்? சாப்பிட்டுப் படுத்துரும். நீங்க நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொன்னீங்க. சரி, என்னைத் தேடல போலன்னு நெனச்சேன்."

"தேடாம எப்படி?"

"நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

மலையேறும் கும்பல் ஒன்று "செலாமாட் பாகி" சொல்லிக்கொண்டு அவரைக் கடந்து போனது. அவர் திரும்பச் சொல்லவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அர்ச்சுனன் ஐந்து நாள் லீவு போட்டார். தன் வேலைக் காலத்தில் அவ்வளவு லீவைச் சேர்ந்தாற்போல் எடுத்ததில்லை. மாற்றுடுப்பும், புஷ்பலதாவுக்கு ஈப்போ வெள்ளைக் காப்பிப் பொட்டலங்களும் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினார். எட்டு மணி நேரப் பயணம். பேத்தி முதல்நாள் பூராவும் அவரைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். இரண்டாம் நாள் அவர் பையின் ஜிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி விளையாடினாள். பகலில் மூன்று பேரும் கீழே இறங்கிப் பூங்காவைச் சுற்றி நடந்தார்கள். புஷ்பலதா இளைத்திருந்தாள், முன்னெற்றி நன்றாக நரைத்திருந்தது. தொலைபேசியில் அது தெரிந்திருக்கவில்லை.

ஒரு மதியம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது கணவனும் மனைவியும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவர் வேலையை விட்டு இங்கே வர முடியாது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அவள் உடனே கிளம்ப முடியாது. குழந்தை பாலர் பள்ளிக்குப் போக அடுத்த வருடம் கழிய வேண்டும். தினேஸ்வரியிடம் சொன்னபோது அவள் அழுதாள். பிறகு, மாதத்தில் ஒரு வாரம் அம்மா ஈப்போவுக்குப் போய்வரட்டும், அந்த வாரம் நாங்கள் மாறி மாறி லீவு போட்டுச் சமாளிக்கிறோம் என்றாள். முடியுமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. மருமகன் தலையாட்டினார், ஆனால் முகத்தில் கவலை இருந்தது. அந்த அளவில்தான் பேச்சு நின்றது.

ஐந்தாம் நாள் காலை லார்கின் பேருந்து நிலையத்தில் புஷ்பலதா வழியனுப்ப வந்தாள். பேருந்து நகரும்போது அவள் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். சிம்பாங் பூலாய் வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று அர்ச்சுனனுக்குத் தெரியும். பூட்டைத் திறக்க வேண்டும், விளக்கைப் போட வேண்டும், ஒருவருக்கு மட்டும் அரிசி களைய வேண்டும். சன்னலுக்கு வெளியே செம்பனைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

யோங் பெங் தாண்டுவதற்குள் தொலைபேசி அடித்தது.

"எங்க போவுது வண்டி?"

"யோங் பெங் கிட்ட. இன்னும் ரொம்பத் தூரம் இருக்கு."

"பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?"

"ஒரு மலாய்ப் பெரியவரு. தூங்குறாரு."

"ஏர்கோன் குளுருதா? சட்டைய எடுத்துப் போட்டுக்குங்க."

"போட்டுக்குறேன்."

"சரி, வச்சிரவா?"

"வேணாம்" என்றார் அர்ச்சுனன். "வைக்காத. ஏதாவது பேசிக்கிட்டே இரு."

புஷ்பலதா எதிர்வீட்டுக்காரியின் கதவோரம் இருக்கும் செருப்பு அலமாரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் தொலைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.